நெருப்பினால் காக்கப்படும் விலை



இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த காலத்தில், நம் நாட்டுக் கறுவா ஐரோப்பியச் சந்தையிலே பெருமதிப்புப் பெற்ற பண்டமாக விளங்கியது. அதன் வாணிகம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பிடியில் இருந்தது. பண்டகசாலைகளில் வாசனைச் சரக்குகள் அளவுக்கு மேல் குவிந்தபோது, அக்கம்பனியார் விலையைக் குறைக்க விரும்பவில்லை, சரக்கையே குறைத்தார்கள். 1760 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிலே கறுவாவும் சாதிக்காயும் குவித்து எரிக்கப்பட்டதைத் தாம் கண்டதாகப் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். காட்டிலே திரிந்து பட்டை உரித்தவர்களின் உழைப்பு அங்கே புகையாயிற்று. எஞ்சிய சரக்கின் விலை இறங்காதிருக்கவேண்டும் என்பதே அந்நெருப்பின் நோக்கம்.

இஃது என்றோ முடிந்துபோன பழங்கதை என்று நாம் எண்ணிவிடலாகாது. இதே வழக்கத்தை நம் காலத்தில் விலையுயர்ந்த நாகரிக ஆடை வாணிகத்திலும் காண்கிறோம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டை இன்று ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் என்னும் ஊரில், 1856 ஆம் ஆண்டில், தோமஸ் பேர்பரி என்ற இளைஞர் ஒரு துணிக்கடையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. மழைநீர் புகாதவாறு நெருக்கமாக நெய்யப்படும் கபர்டீன் என்னும் துணியை அவர் 1879 இல் உருவாக்கினார். துருவப் பகுதிகளுக்குச் சென்ற ஆராய்ச்சியாளரும், முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற படை அதிகாரிகளும் அத்துணியாலான அங்கிகளை அணிந்தனர். உடுத்தவரைப் பல்லாண்டு காப்பதே அந்த உடையின் பெருமையாக இருந்தது.

அதே பெயரைத் தாங்கிய கம்பனி, 2018 மார்ச்சில் முடிவடைந்த ஆண்டில் 2 கோடியே 86 இலட்சம் பவுண் பெறுமதியான புதுச் சரக்கை அழித்துவிட்டதாகத் தன் ஆண்டறிக்கையில் தெரிவித்தது. அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அழிக்கப்பட்ட சரக்கின் பெறுமதி 9 கோடி பவுணைத் தாண்டியது. இத்தொகை செய்கூலிக் கணக்கே அன்றிக் கடையிலே கேட்கும் விலையன்று என்பதையும் நேயர்கள் கவனித்தல் வேண்டும். கடை விலையில் மதித்தால் அது பன்மடங்கு பெருகும். செய்தி வெளியானதும் பெருங் கண்டனம் எழுந்தது. 2018 செப்டெம்பரில் அக்கம்பனி இவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

ஆனால், இஃது ஒரு கம்பனியின் குற்றம் மட்டுமன்று. கைக்கடிகாரங்களும் நகைகளும் விற்கும் சுவிற்சர்லாந்து நாட்டு றிஷ்மொன் நிறுவனம், ஆசியச் சந்தையில் விற்பனை தளர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் 48 கோடி யூரோவுக்கு மேற்பட்ட கடிகாரங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அவற்றுள் ஒரு பகுதி உடைத்துப் பிரிக்கப்பட்டது. பேர்பரி நிறுவனத்தின் தனித்தன்மை, செய்ததைக் கணக்கேட்டில் எழுதி வெளியிட்டது என்பதே.

விற்காத உடையைக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன? ஏழைகளுக்கு வழங்கினால் என்ன? இவ்வினா யாவருக்கும் எழுவது இயல்பு. இதற்கு விடை காண, அவ்வாணிகர் உண்மையில் எதை விற்கிறார்கள் என்பதை அறியவேண்டும்.

சாதாரண உடை வாணிகன் துணியையும் தையலையும் விற்கிறான். உயர்விலை வாணிகனோ அவற்றோடு அருமையையும் சேர்த்து விற்கிறான். எல்லோருக்கும் கிட்டாத பொருள் தமக்குக் கிட்டியது என்னும் எண்ணத்துக்காகவே வாங்குவோர் பெருந்தொகை கொடுக்கின்றனர். இன்று ஆயிரம் பவுணுக்கு விற்ற அங்கி நாளை மலிவு விற்பனையில் இருநூறு பவுணுக்குத் தொங்குமாயின், முதலில் வாங்கியவர் ஏமாந்தவராவார். அடுத்த முறை அவர் காத்திருக்கப் பழகிவிடுவார். தானமாகக் கொடுத்தாலும் அது கள்ளச் சந்தைக்கு வந்துவிடும் என்று கம்பனியார் அஞ்சுகின்றனர். ஆகவே, விற்காத உடை அவர்களுக்குச் சொத்தாகத் தோன்றாமல், விற்ற உடையின் மதிப்பைக் கெடுக்கும் பகையாகத் தோன்றுகிறது. சில நாட்டுச் சட்டங்களும் இதற்குத் துணைபோகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இறக்குமதி செய்த சரக்கைப் பயன்படுத்தாமலே சுங்க அதிகாரிகளின் மேற்பார்வையில் அழித்தால், கட்டிய தீர்வையில் நூற்றுக்கு 99 பங்கைத் திரும்பப் பெற வழியுண்டு.

எரிக்கும்போது உண்டாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் பெறுகிறோம் என்று சிலர் சமாதானம் கூறுவர். ஒரேயொரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவித்து உடையாக்கச் சுமார் 2,700 லீற்றர் நீர் செலவாகிறது என்பது ஒரு மதிப்பீடு. அந்த நீரையோ, உழவரும் நெசவாளரும் தையற்காரரும் செலவிட்ட பொழுதையோ எந்த உலைக்களமும் மீட்டுத்தர மாட்டாது.

இதனை உணர்ந்த அரசுகள் சட்டம் இயற்றத் தொடங்கியுள்ளன. பிரான்சு நாடு 2020 இல் இயற்றிய சட்டத்தின்படி, விற்காத உடைகளை அழிப்பது 2022 சனவரி முதல் அங்கு தடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஒரு பொது விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விற்காத ஆடைகளையும் பாதணிகளையும் அழிப்பதற்குப் பெரிய கம்பனிகளுக்கு 2026 சூலை 19 முதலும், நடுத்தரக் கம்பனிகளுக்கு 2030 முதலும் அவ்விதி தடைவிதிக்கிறது. ஐரோப்பியச் சந்தைக்கு வரும் துணிவகைகளில் நூற்றுக்கு 4 முதல் 9 பங்கு வரை ஒருவரும் பயன்படுத்தாமலே அழிக்கப்படுகின்றன என்று ஐரோப்பியச் சுற்றாடல் முகவரகம் 2024 இல் மதிப்பிட்டது. இவற்றுள் மலிவு உடைகளும் உயர்விலை உடைகளும் அடங்கும்.

சட்டம் நெருப்பை அணைக்கலாம். அளவுக்கு மேல் உற்பத்தி செய்யும் ஆசையை அணைக்குமா? எரிக்க முடியாத சரக்கு வேறொரு நாட்டுக்கு அனுப்பப்படலாம். பண்டகசாலையிலே கிடந்து மக்கிப்போகலாம். ஆகையால், நோயின் மூலத்தை நாடவேண்டும்.

பாரிஸ் நகரின் உயர்தர ஆடைக் கலை, 1858 இல் சாள்ஸ் பிரெட்றிக் வேர்த் என்னும் ஆங்கிலேயர் அங்கு நிறுவிய தையலகத்தோடு வளர்ந்தது. அணிபவரின் அளவுக்கு ஏற்ப உடை தைக்கப்பட்டது. அம்முறையில் ஆடம்பரம் இருந்தது. ஆயினும் விற்காத குவியலுக்கு இடம் மிகக் குறைவு. 1966 இல் ஈவ் சென் லோரன் போன்ற கலைஞர் ஆயத்த ஆடைக்கடைகளைத் திறந்தபின், புகழ்பெற்ற பெயர்கள் படிப்படியாக உலகெங்கும் கடை விரித்தன. அருமையென்று சொல்லிப் பெருந்தொகையாகச் செய்வது வழக்கமாயிற்று. யார் வாங்குவார், எந்த அளவில் வாங்குவார் என்று பல மாதங்களுக்கு முன்னரே ஊகித்துச் செய்யவேண்டியதாயிற்று. ஊகம் தவறிய சரக்கே நெருப்புக்கு இரையாயிற்று.

திருந்தும் வழிகளும் தோன்றாமலில்லை. ஏர்மெஸ் நிறுவனம் 2010 முதல் தன் தொழிற்சாலைகளில் எஞ்சும் தோல், பட்டு முதலியவற்றைக்கொண்டு புதுப்பொருள் செய்யும் தனிப் பட்டறை ஒன்றை நடத்திவருகிறது. எல்விஎம்எச் குழுமம் தன் ஆடையகங்களில் மிஞ்சிய துணிகளைப் பிறருக்கு விற்க 2021 இல் ஓர் ஏற்பாடு செய்தது. இவை நல்ல தொடக்கங்களே. எனினும், மிஞ்சியதைப் பயன்படுத்துவதிலும் மிஞ்சாமற் செய்வதே மேலானது.

நேயர்களே, நம் ஊர்த் தையற்காரர் முதலில் ஆளை நிறுத்தி அளவெடுக்கிறார். அதன் பின்னரே கத்தரிக்கோலைத் துணியில் வைக்கிறார். அவர் தைக்கும் உடைக்கு உடுப்பவர் ஒருவர் முன்னமே இருக்கிறார். உலகப் புகழ்பெற்ற ஆடையகங்கள் மறந்துவிட்ட பாடம் அதுவே. ஒரு பொருளின் விலையைக் காக்க அதன் உடன்பிறப்புகளை எரிக்கவேண்டியிருக்குமாயின், அவ்விலை அப்பொருளின் தரத்துக்குக் கொடுத்த விலையாகுமா என்பதை, வாங்குவோரும் விற்போரும் எண்ணிப்பார்க்கவேண்டும்.