நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கு ஏற்ற இருக்கை



சைக்கிள் கடைக்குள் நுழைந்து புதிய சீட் ஒன்றைத் தேடுகிறவர்களில் பலர், வரிசையாகத் தொங்கும் சீட்டுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, எது அதிகமாக அமுங்குகிறதோ அதுவே உடம்புக்கு இதமானது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். கடைத்தெருவரை போய்வருகிறவருக்கு அந்தப் பரீட்சை போதும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்ற விதியோடு நடக்கும் பிரெவே பயணத்துக்குப் பெயர் கொடுத்தவருக்கோ, விடியுமுன் கிளம்பி வெயில் ஏறுமுன் நூறு கிலோமீட்டர் சுற்றிவர ஆசைப்படுகிறவருக்கோ, கட்டைவிரல் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் பிழையாகவே முடியும். உடம்பின் பாரத்தை எலும்பு ஏற்க வேண்டும், தசைக்கும் நரம்புக்கும் அந்தச் சுமை போகக் கூடாது. நீண்ட பயணத்தின் சௌகரியம் முழுவதும் இந்த ஒரு நியமத்தில் அடங்கியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அகலம், வடிவம், மெத்தை, பொருத்தும் முறை ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் விடைகள் தாமாகவே வரிசைப்பட்டு வருவதைக் காண்பீர்கள்.

இப்போது திரையில் இடுப்பெலும்பின் படம் தெரிகிறது. அதன் அடிப்பாகத்தில் இடமும் வலமுமாகக் கீழ்நோக்கிப் புடைத்திருக்கும் இரண்டு முனைகளைக் கவனியுங்கள். கடினமான பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை உடம்புக்கடியில் வைத்துச் சற்றே அசைந்தால், இவை கையில் நன்றாகத் தட்டுப்படும். உட்காரும்போது உடம்பைத் தாங்குவதற்கென்றே அமைந்த எலும்புகள் இவை. இவற்றுக்கு நடுவிலோ, மறைவிடத்துக்குப் போகும் முக்கியமான நரம்பும் இரத்தக் குழாய்களும் செல்லும் மென்மையான பகுதி இருக்கிறது. பாரம் அந்த நடுப்பகுதியில் இறங்கினால் நரம்பு நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, சிறிது நேரத்தில் அந்த இடம் மரத்துப்போகிறது. புதிதாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவருக்கு முதற்சில வாரங்களில் எலும்புமுனைகளின்மேல் வலி இருப்பது சகஜம். பழகப் பழக அது தணிந்துவிடும். மரத்துப்போவதை அப்படிப் பழக்கத்தின்மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. அது சரீரம் கொடுக்கிற எச்சரிக்கை.

அதிக மென்மையான சீட் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதனாலேயே விளங்கும். தடித்த ஜெல் மெத்தையின்மேல் உட்கார்ந்த முதற்கணத்தில் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எலும்புமுனைகள் இரண்டும் அதில் புதையப் புதைய, அமுங்கிய ஜெல் நடுவில் பொங்கி எழுந்து, எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடத்தையே போய் அழுத்துகிறது. அதனோடு, ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு மெத்தையில் புரண்டு தொடையிடுக்கில் உராய்வு உண்டாகிறது. ஆகையால், நெடுந்தூரம் போகிறவர்கள் விரும்பும் சீட்டுகள் பார்வைக்குக் கடினமாகவும் மெல்லிய பேடிங் உடையனவாகவும் இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இது வெறும் அபிப்பிராயம் அன்று. சைக்கிளில் ரோந்து போகும் அமெரிக்கப் போலீஸ்காரர்களிடையே மரத்துப்போகும் உபாதை பரவலாக இருந்ததைக் கண்டு, அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் அதை ஆராய்ந்தது. முன்னால் நீண்டிருக்கும் மூக்கே இல்லாத, பாரத்தை அந்த எலும்புமுனைகளின்மேல் மட்டும் இறக்கும் சீட்டுகளை 90 போலீஸ்காரர்கள் ஆறு மாதம் உபயோகித்த பிறகு, மரத்துப்போகவில்லை என்று சொன்னவர்களின் விகிதம் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்ததென்று 2008-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. எல்லோரும் மூக்கில்லாத சீட்டுக்கு மாற வேண்டும் என்பதற்காக இதை நான் சொல்லவில்லை. வளைவுகளில் தொடையால் சைக்கிளை நிலைப்படுத்த மூக்கு உதவுகிறது. அது இல்லாவிட்டால் கைகளின்மேல் பாரம் கூடும். பாரம் எங்கே இறங்க வேண்டும் என்பதற்கு அந்த ஆய்வு தெளிவான சான்று; நமக்கு வேண்டியது அதுவே.

எனவே நாம் அறிய வேண்டிய முதல் விஷயம், நம்முடைய இரண்டு எலும்புமுனைகளுக்கும் நடுவே உள்ள தூரம். இதை வீட்டிலேயே அளக்கலாம். கடினமான, சமதளமான ஸ்டூல் ஒன்றின்மேல் இதோ இந்த அட்டைப்பெட்டியின் நெளி அட்டையை விரித்து, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்காருங்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் குனிந்து, ஸ்டூலின் அடிவிளிம்பைக் கைகளால் பற்றி உடம்பைக் கீழே இழுத்து, அரை நிமிஷம் அப்படியே இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். விரலால் தடவி, ஒவ்வொரு பள்ளத்தின் மையத்திலும் புள்ளி வைத்து, இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவோடு 20 முதல் 30 மில்லிமீட்டர்வரை கூட்டினால், உங்களுக்கு வேண்டிய சீட்டின் பின்பக்க அகலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இடைத்தூரம் 115 மில்லிமீட்டர் என்றால், 135-க்கும் 145-க்கும் இடைப்பட்ட சீட்டில் தேடலாம். சீட்டின் ஓரங்கள் வளைந்து கீழே சரிகின்றன; எலும்பு அந்தச் சரிவில் நிற்காமல், சமமான இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூட்டல்.

பெண்களுக்கு இந்த இடைத்தூரம் சராசரியாகச் சற்று அதிகம் என்பது உண்மையே. ஆயினும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஆகவே, ஆண்களுக்கானது, பெண்களுக்கானது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காமல், உங்கள் அட்டை சொல்லும் அளவை நம்பி வாங்குங்கள்.

அடுத்தது நீங்கள் உட்காரும் பாங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது பாரம் முழுவதும் அந்த எலும்புமுனைகளின்மேல் விழுகிறது. அப்போது அகலமான சீட் அவசியம். முதுகு குனியக் குனிய இடுப்பெலும்பு முன்னே உருண்டு, எலும்பின் குறுகிய முன்பகுதி சீட்டைத் தொடுகிறது. அகலம் குறைந்த, நீண்ட சீட் அப்போது பொருந்துகிறது. பந்தயச் சைக்கிளின் சீட் ஒடுங்கியும், பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் சீட் அகன்று ஸ்பிரிங்கோடும் இருப்பதற்கு இதுவே காரணம். ஒருவருக்குச் சொர்க்கமாக இருக்கும் சீட் அவருடைய நண்பருக்கு நரகமாக இருப்பதும் இதனாலேயே. உடம்பும் வேறு, குனிவும் வேறு. நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுகள், குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த மென்மையான பகுதியின் சுமையைக் குறைக்க உதவுகின்றன. சிலருக்கு மட்டும் அந்தத் திறப்பின் விளிம்பே உறுத்தும்.

மெத்தையே இல்லாமல் சுகம் தரும் ஒரு சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866-இல் குதிரைச் சேணம் முதலிய தோல்பொருள்களுக்காகத் தொழில் தொடங்கிய ஜான் போல்ட்பீ புரூக்ஸ், தம் குதிரை இறந்துபோன பிறகு சைக்கிளில் ஏற நேர்ந்து, அதன் இருக்கையின் கடுமையைச் சகிக்க முடியாமல், 1882-இல் தோல் இருக்கை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வமிசத்தில் வந்த பி17 என்ற சீட்டை இன்றும் உலகெங்கும் நெடுந்தூரப் பயணிகள் நாடுகிறார்கள். முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த தோல், கயிற்றுக் கட்டில்போல உடம்பின் பாரத்துக்கு இசைந்து கொடுக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், உட்காருகிறவரின் எலும்புமுனைகள் அதில் தமக்கென்று இடம் செய்துகொள்கின்றன. தோல் தளர்ந்தால் மூக்கின் அடியிலுள்ள போல்ட்டைச் சிறிதளவே திருகி இறுக்கலாம். இதன் அகலம் 175 மில்லிமீட்டர். பின்விளிம்பில் உலோகச் சட்டம் இருப்பதால், எலும்பு அதன்மேல் ஏறாமல் தோலின்மேலேயே தங்குவதற்கு அவ்வளவு அகலம் வேண்டியிருக்கிறது. அரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடை, மழையில் நனையாமல் காக்க வேண்டிய கவலை, பழகும்வரை பொறுமை ஆகிய மூன்றையும் ஏற்க முடிந்தவர்களுக்கு இது உத்தமமான தேர்வு.

இனி, பொருத்தும் முறை. மிகச் சிறந்த சீட்டும் தவறாகப் பொருத்தப்பட்டால் துன்பமே தரும். உயரத்தைக் கணிக்க ஒரு நல்ல வழி உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டிலிருந்து தரைவரை அளந்து, அந்த அளவை 0.883-ஆல் பெருக்குங்கள்; பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை அந்த உயரம் இருக்கட்டும். 80 சென்டிமீட்டர் கால் என்றால் ஏறத்தாழ 70.6 சென்டிமீட்டர். இது தொடக்கமே. ஓட்டும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரமாக இருக்கிறதென்று அறிந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்குங்கள். அந்த ஆட்டமே தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது. மூக்கு மேல்நோக்கினால் நடுப்பகுதி நசுங்கும். மிகவும் கீழ்நோக்கினால் உடம்பு முன்னே வழுக்கி, கையும் மணிக்கட்டும் வலிக்கும். சமமட்டமாக வைத்துத் தொடங்கி, மிகச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். உயரத்தையும் சாய்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலன் தந்ததென்று தெரியாது. ஆகவே பழைய இடத்தை டேப்பால் அடையாளமிட்டு, ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் என்ற கட்டுப்பாட்டோடு செய்யுங்கள்.

உடையிலும் கவனம் வேண்டும். பேடிங் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் அணிவதே முறை. உள்ளாடையின் தையல் விளிம்பு வியர்வையில் ஊறி, தோலை அறுத்துவிடும். சீட் எவ்வளவு நல்லதாயினும், கால்மணிக்கு ஒருமுறையேனும் பெடல்மேல் எழுந்து நின்று சில கணங்கள் ஓட்டுங்கள். அழுத்தம் விலகி இரத்தம் தாராளமாகப் பாயும்.

இப்படியாக, பணம் செலவழிப்பது கடைசியில் வர வேண்டிய காரியம். முதலில் இருக்கும் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் திருத்துங்கள். பலருக்கு அதிலேயே தொல்லை தீர்ந்துவிடும். தீராவிட்டால் அட்டையில் அளந்து, அகலத்தை நிச்சயித்து, பிறகு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் மாற்றித்தர இசைந்தாலோ, அதே அகலமுள்ள சீட்டை நண்பர் இரவல் தந்தாலோ, குறைந்தது மூன்று மணி நேரப் பயணம் ஒன்றில் அதைச் சோதித்துப் பார்த்து, அதன்பிறகு முடிவு செய்யுங்கள். சீட்டின் உண்மையான குணம் முதல் மணி நேரத்தில் வெளிப்படுவதே இல்லை. இவ்வளவு செய்தும் மரத்துப்போவது நிற்காவிட்டாலும், இறங்கிய பிறகும் அது நெடுநேரம் நீடித்தாலும், வெட்கத்தினால் மறைக்காமல், தாமதியாமல் வைத்தியரைப் பாருங்கள். உங்கள் அட்டையில் பதிந்த அளவையும், நீங்கள் குனிந்து ஓட்டுகிறவரா நிமிர்ந்து ஓட்டுகிறவரா என்பதையும் கீழே எழுதினால், எந்த அகலத்தில் தேடலாம் என்று பதில் எழுதுகிறேன்.