தீர்த்தமாடிய பின் இரண்டு காலைப் பொழுதுகள்

நெய்க்காரப்பட்டியிலும் அதைச் சூழ்ந்த கரும்புத் தோட்டக் கிராமங்களிலும் இராமேசுவர யாத்திரை என்பது பெரும்பாலும் பெரியோர்களுடைய காரியமாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, இரவோடு இரவாகத் திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழியே சென்று, விடியலில் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, பிதுர்களுக்குத் தர்ப்பணம் செய்து, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் வார்க்கப்பெற்று, சுவாமி தரிசனம் முடித்து, தனுஷ்கோடி வரையில் வண்டியை விட்டுத் திருப்பி, பொழுது சாய்வதற்குள் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். உடன் வந்த பிள்ளைகளோ அப்பத்தாவின் கையைப் பிடித்தபடி ஈரத் துணியோடு பிராகாரங்களைச் சுற்றிவிட்டு, கடலைப் பார்த்தோம் என்று பள்ளியில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மாத்திரமே பார்த்துத் திரும்புகிறார்கள். சண்முகாநதியையும் ஊர்க் குளத்தையும் அன்றி வேறு நீர்ப்பரப்பை அறியாத சமவெளிக் குழந்தையின் முன் ஒரு தீவையே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதைக் குனிந்து பார்க்க அவகாசம் கொடாமல் அழைத்து வந்துவிடுவது பெரும் நஷ்டம் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். யாத்திரையோடு இரண்டு காலைப் பொழுதுகளைக் கூட்டிக்கொள்வது செலவிலும் சிரமத்திலும் அத்தனை பெரிதன்று.

இராமேசுவரம் அமைந்திருக்கும் பாம்பன் தீவின் விசேஷம், அது இரண்டு கடல்களுக்கு இடையே கிடக்கிறது என்பதுதான். வடக்கே ஆழமற்ற பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அங்குள்ள மக்கள் வழங்குவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்க வடக்குக் கரை சாந்தமாக இருக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் அந்த முறை மாறிவிடும். தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் நின்று, இடப்புறம் ஒரு குணமும் வலப்புறம் ஒரு குணமுமாக இரண்டு கடல்கள் இருப்பதைத் தன் கண்ணாலேயே காணும் குழந்தைக்குப் பூகோளப் பாடம் வேறு வேண்டியதில்லை. ஆனால் அந்த முனையில் நீரோட்டம் பலமானது; குளிப்பதற்கு அது ஏற்ற இடமே அன்று. அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் காலையை, வெயில் ஏறுமுன், ஜனநடமாட்டம் குறைந்த ஏதேனும் ஒரு கரையில் கழிக்கலாம். நீர் சற்றே வடிந்திருந்தால், அலை விட்டுச் சென்ற ஈரக் கோட்டை ஒட்டி மெல்ல நடந்து செல்வதே போதுமான காரியம். வளைக்குள்ளிருந்து மணலை வாரி வெளியே எறியும் நண்டையும், காலிச் சங்கு ஒன்றைத் தன் வீடாக்கிக்கொண்டு அதையும் இழுத்தபடியே ஊரும் துறவி நண்டையும், அசையாது உட்கார்ந்து பார்த்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது. ஒதுங்கிக் கிடக்கும் நாடா போன்ற கடற்புல்லை எடுத்துக் கையில் கொடுத்து, இதைத் தின்றுதான் கடற்பசு என்னும் பிராணி ஜீவிக்கிறது என்றும், அதற்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டில் அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது என்றும் சொன்னால், குழந்தை அந்தப் புல்லை எறிய மனம் வராமல் பிடித்துக்கொள்ளும். கடற்பாசி எடுத்து வயிறு வளர்க்கும் பெண்கள் இத்தீவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் என்னும் பசைப்பொருள் செய்யப்படுகிறது. கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருப்பவர்களைக் கண்டால், வணக்கம் சொல்லி, நின்று கேட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

நம் பக்கத்துக் குழந்தைக்கு என் எண்ணத்தில் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம் தண்ணீரைப் பற்றியது. நெய்க்காரப்பட்டியில் ஆழ்குழாய்க் கிணறு நூற்றுக்கணக்கான அடி இறங்கினாலும் சில வருஷங்களில் காற்றுத்தான் வரும் என்பதை அக்குழந்தை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறது. தனுஷ்கோடி மீனவக் குடும்பங்களோ கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் சிறு பள்ளம் பறித்து, குடிக்கத்தக்க நீரை மொண்டெடுக்கின்றன. மணலில் இறங்கிய மழைநீர், கனம் மிகுந்த உப்புநீரின்மேல் ஒரு படலமாகத் தங்கி நிற்பதே இதன் காரணம். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும் என்பதையும் அதே பள்ளத்தைக் காட்டி விளக்கிவிடலாம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் அழிந்துபோன அந்த ஊரின் இடிந்த தேவாலயத்தையும் இரயில் நிலையத்தையும் வெறும் புகைப்படப் பின்னணியாக்கிவிட்டு நகரும் யாத்ரீகர்கள், இந்தச் சிறு பள்ளங்களைக் கவனிப்பதே இல்லை.

மார்கழி, தை மாதங்களில் செல்வோருக்குப் பூநாரைகளின் தரிசனம் கிட்டும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியும் தனுஷ்கோடிப் பக்கத்து உப்பங்கழிகளிலும், வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் செலுத்தி, சேற்றை வடித்து இரை கொள்ளும் அந்தப் பறவைகளின் இளஞ்சிவப்பு வர்ணம், அவை உண்ணும் பாசியிலும் நுண்ணிய ஜந்துக்களிலுமிருந்து வருவது. இவ்விடத்தில் ஏறக்குறைய 525 ஹெக்டேர் 2025-ஆம் ஆண்டில் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எட்ட நின்று பைனாகுலரால் பார்ப்பதே முறை. படத்துக்காக அருகே ஓடினால் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்துவிடும்.

இரண்டாம் காலையில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தைப் பார்க்கலாம். குந்துகால் கரையிலிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடும் நாளானால் அதையே தேர்ந்துகொள்ளலாம். கடலின் நிலையைப் பொறுத்தது ஆகையால் முன்னதாக விசாரித்துக்கொள்ளுதல் நலம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. அவற்றில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. குருசடையின் கரையோர ஜீவராசிகளைப் பற்றி மட்டும் சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனி வெளியீடு ஒன்றைக் கொணர்ந்தது என்றால், அச்சிறு நிலத்தின் பெருமையை ஊகிக்கலாம். புழுவைப் போல மணலில் வாழ்ந்தும், முதுகெலும்புள்ள பிராணிகளின் தூரத்து உறவாக எண்ணப்படும் பலனோகிளாசஸ் அங்கே உண்டு. ஆனால் அந்த 21-இல் இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் பல காலம் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததனால், அலையைத் தடுத்து நின்ற அரண் போய்விட்டது. தீவும் பின்னாலேயே போயிற்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பவளத் துண்டும் காய்ந்த கடற்குதிரையும் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கக்கூடும் என்பதே. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மூழ்கிப்போன தீவுகளின் கதையைச் சொன்னால் குழந்தை தானாகவே கையை விலக்கிக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை.

பள்ளி விடுமுறை கோடையில்தான் வருகிறது என்று கவலைப்படுவோருக்கு ஒரு சமாதானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் கரையோரம் வரிசையாக நிற்கும். வலை முடிவதையும் பலகை மாற்றுவதையும் அருகிலிருந்து பார்க்க வேறு காலம் வாய்ப்பதரிது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளை, ஒரு குழிக்கு ஏறக்குறைய நூறாக, வனத்துறையினர் தனுஷ்கோடிப் பொரிப்பகங்களுக்கு மாற்றிவைத்து, ஐம்பது நாள் அளவில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சித்திரை முதல் வாரங்களில் செல்பவர்கள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் அக்காட்சி வாய்க்கலாம். வெளிச்சத்தை நோக்கியே குஞ்சுகள் செல்லுமாகையால், செல்போன் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும்.