காற்றுக்கும் ஒரு மண்பானை

சித்திரை வெயிலில் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? பகலில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தொடுவதுண்டு. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் ஆங்காங்கே தண்ணீர்ப் பந்தல்கள், பந்தலுக்குள் மண்பானைகள். வெளியே அனல் பறக்கிறது. பானைத் தண்ணீரோ சில்லென்று தொண்டையில் இறங்குகிறது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இது உங்களுக்குத் தெரிந்த பாடந்தான். இதே பாடத்தைப் பந்தயக் கார் கட்டுகிறவர்களும் விழுந்து விழுந்து படித்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

கார் எஞ்சினுக்கும் பானைக்கும் என்ன உறவு? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். இந்தச் சின்ன உண்மைதான் நம் கதையின் வில்லன்.

எஞ்சின் அதிக ஆற்றல் தரவேண்டுமானால் அதிக எரிபொருளை எரிக்கவேண்டும். அதற்கு அதிகக் காற்று வேண்டும். புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பதே டர்போ சார்ஜர். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூக்கி இதற்கு 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் லாரிகள் சிலவற்றின் மீது ‘டர்போ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுதான் அது.

இனி ஒரு சிறு கணக்கு. திருவண்ணாமலையின் 40 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குவதாக வைத்துக்கொள்வோம். காற்று ஏறக்குறைய 140 டிகிரிக்குச் சூடேறிவிடும். சூடான காற்று விரிவடையுமல்லவா? எனவே அழுத்தம் இரண்டு மடங்கானாலும், அதே இடத்தில் அடங்கும் காற்றின் அளவு ஒன்றரை மடங்குதான் ஆகிறது. மீதி அரை மடங்கை வெப்பம் திருடிக்கொண்டது. அது மட்டுமல்ல. பெட்ரோல் எஞ்சினில் இந்தச் சூடு இன்னொரு ஆபத்தையும் கொண்டுவரும். பொறி பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மீதிக் கலவை தானே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். இது நீடித்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிடும்!

ஆகவே, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு குளிர்விப்பானை வைத்தார்கள். அதுவே இன்டர்கூலர். பார்ப்பதற்கு ரேடியேட்டர் போலிருக்கும். உள்ளே சூடான காற்று போகும்; வெளியே வீசும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். காற்று 60 டிகிரிக்குக் குளிர்ந்தால், மேலே சொன்ன ஒன்றரை மடங்கு ஏறக்குறைய 1.9 மடங்காகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. வெளிக்காற்றால் குளிரும் எந்தப் பொருளும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்ததாக ஆகமுடியாது. வெளியே 40 என்றால் உள்ளே 40-க்குக் கீழே இறங்காது. இன்டர்கூலரைப் பெரிதாக்கினால் 40-க்கு அருகே போகலாம். ஆனால் அவ்வளவு பெரிய பெட்டி நிறையக் காற்று நிரம்பவேண்டும் என்பதால், ஓட்டுநர் மிதித்தவுடன் வேகம் எழும்பாது. இந்தச் சுவரை ஏறிக் குதிக்கச் செய்த முயற்சிகள்தான் விசித்திரமானவை.

முதலில் பானை வித்தை. ஜப்பானின் சுபாரு இம்ப்ரெசா காரின் ‘எஸ்.டி.ஐ.’ வகைகளில் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். கார் ஓடும்போது முகப்புத் திறப்பின் வழியே காற்று வந்து மோதும். நெரிசலில் நின்றால்? அடியிலிருந்து எஞ்சினின் சூடு ஏறி, இன்டர்கூலரே சூடேற்றும் கருவியாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகும் கிரிவலப் பாதை பாதத்தைச் சுடுவது போலத்தான். வாங்கிய சூட்டை அது உடனே விட்டுவிடாது. எனவே அந்தக் காரில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு பொத்தானும் வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் இன்டர்கூலர்மீது தண்ணீர் தூறும். ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகும். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனிலும் இதே ஏற்பாடு இருந்தது.

தண்ணீரைக் காற்றுக்குள்ளேயே தெளித்தவர்களும் உண்டு. 1962-இல் வந்த அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் இன்டர்கூலர் கிடையாது. தண்ணீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்தே நாக்கிங்கைத் தடுத்தார்கள். வாங்கியவர்களோ அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள்! கார் இரண்டே ஆண்டில் நின்றுபோயிற்று. ஆனால் கருத்து சாகவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பி.எம்.டபிள்யூ. ‘எம்4 ஜி.டி.எஸ்.’ காரில் அது மறுபிறவி எடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1976-ஆம் ஆண்டின் போர்ஷே 935 கதை. இந்தப் பந்தயக் காரின் எஞ்சின் காற்றால் குளிர்வது. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்டர்கூலரும் காற்றால் குளிர்வதே. ஆனால் அது பின்பக்க மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. சாதாரணக் காரின் வால்பகுதி இதற்கும் பொருந்தியாக வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள் பந்தய அதிகாரிகள். பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பருவத்தின் நடுவிலேயே தண்ணீரால் குளிரும் சிறிய இன்டர்கூலரைப் பொருத்திவிட்டார்கள். எஞ்சினுக்கு இல்லாத தண்ணீர், அது மூச்சுவிடும் காற்றுக்குக் கிடைத்தது! அந்த ஆண்டின் உலகத் தயாரிப்பாளர் பட்டமும் போர்ஷேக்கே கிடைத்தது.

தண்ணீர் வந்ததும் அடுத்த குறும்பும் வந்தது. அந்தத் தண்ணீரில் பனிக்கட்டியைப் போட்டால் என்ன? கால் மைல் நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். காருக்குள் ஒரு பெட்டி நிறையப் பனிக்கட்டி! அமுக்கிய காற்று 20 டிகிரிக்கு இறங்கினால், 40 டிகிரி வெயிலிலும் இரண்டு மடங்குக்கு மேலேயே காற்று கிடைக்கும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் போதும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். அப்படியானால் தண்ணீர்தானே சிக்கனம் என்று கேட்பீர்கள். சிக்கனம்தான். ஆனால் ஆவியாதலால் பனிக்கட்டியின் குளிர்ச்சியை எட்டமுடியாது. பனிக்கட்டியோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கால் மைல் ஓடச் சில விநாடிகள் போதும் என்பதால் அவர்களுக்குக் கவலையில்லை. திருவண்ணாமலையிலிருந்து சென்னைவரை இப்படிப் போகமுடியாது.

2018-ஆம் ஆண்டின் டாட்ஜ் டீமன் இன்னொரு வழி பிடித்தது. டர்போவுக்குப் பதில் எஞ்சினே சுழற்றும் சூப்பர் சார்ஜர் உள்ள கார் அது. பந்தய நேரத்தில், பயணிகளுக்கான ஏ.சி.யின் குளிர்ச்சியை இன்டர்கூலர் தண்ணீருக்குத் திருப்பிவிடும். ஓட்டுநர் வியர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இனி உங்கள் முறை. ஒரே அளவுள்ள மண்பானை ஒன்று, எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. இரண்டிலும் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் கடலோரமாக இருக்கும் மாமா வீட்டுக்குப் போகும்போது இதையே அங்கும் செய்யுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் அங்கே பானை எவ்வளவு குளிர்கிறது, இங்கே எவ்வளவு குளிர்கிறது?