ஊர் மாறினால் மின்சாரமும் மாறும்

என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். வீட்டிலிருந்த 1500 வாட் மின் கெட்டிலையும், அதற்கொரு பிளக் அடாப்டரையும் பெட்டியில் வைத்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே அவரிடமிருந்து செய்தி வந்தது: "ஐயா, கெட்டில் பழுதாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கக் கால் மணி நேரம் ஆகிறது."

விடுமுறைக்கு வந்தபோது தங்கைக்காக அங்கிருந்து 1000 வாட் தலைமுடி உலர்த்தி ஒன்றை வாங்கி வந்தார். அடாப்டரில் பொருத்தி இங்கே இயக்கிய சில நொடிகளில் புகை கிளம்பியது. தலையருகே கொண்டு போகுமுன் சுவிட்சை அணைத்தது நல்லதாயிற்று.

ஒரு கருவி சோம்பியது, இன்னொன்று எரிந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது என்ன?

அடாப்டர் செய்வதும் செய்யாததும்

இந்தியாவில் பிளக்கின் முனைகள் உருண்டையானவை. அமெரிக்காவில் அவை தட்டையானவை. பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் செவ்வக வடிவ முனைகள் மூன்று உண்டு. ஒரு வடிவப் பிளக்கை வேறு வடிவத் துளையில் பொருந்தச் செய்வதே அடாப்டரின் வேலை. மின்னழுத்தத்தை அது சிறிதும் மாற்றுவதில்லை.

மின்னழுத்தமோ நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். நம் மாணவர் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் கெட்டிலின் மின்தடை சுமார் 35 ஓம். அதையே 120 வோல்ட்டில் இணைத்தால் கிடைப்பது சுமார் 410 வாட் மட்டுமே. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இங்கே மூன்றேகால் நிமிடம் போதும். அங்கே 12 நிமிடம் வேண்டும். இடையில் காற்றுக்கு இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் கால் மணி நேரம் ஆவதில் வியப்பில்லை. கெட்டில் பழுதாகவில்லை!

உலர்த்தியின் கதை இதற்கு நேர்மாறானது. 120 வோல்ட்டில் 1000 வாட் தருவதன் மின்தடை 14.4 ஓம். 230 வோல்ட்டில் அது சுமார் 3670 வாட் இழுக்கும். மின்னழுத்தம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. வெப்பமோ மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. சுருள் தாங்குமா?

அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள்

அப்படியானால் செல்பேசி மின்னேற்றி மட்டும் எப்படி எல்லா ஊரிலும் வேலை செய்கிறது? அதன் மீதுள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். 'இன்புட்' என்பதன் எதிரே 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். அது வரும் மாறுதிசை மின்னோட்டத்தை முதலில் நேர்திசையாக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. வெளிவரும் அழுத்தம் கூடினால் செலுத்தும் நேரத்தைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். இத்தகைய மின்னேற்றிக்கும் மடிக்கணினிக்கும் அடாப்டர் ஒன்றே போதும். '230 வோல்ட்' என்று மட்டும் அச்சிட்ட கருவிக்கு அது போதாது.

மின்மாற்றி வேண்டுமானால்

அமெரிக்கா செல்லும் நம்மவர் பலர் மிக்சியை விட்டுச் செல்ல விரும்புவதில்லை. 230 வோல்ட் மிக்சிக்கு, 120 வோல்ட்டை உயர்த்தித் தரும் மின்மாற்றி வேண்டும். மிக்சி 750 வாட் என்றால் மின்மாற்றி 1000 வாட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். மோட்டார் புறப்படும் கணத்தில் அதிக மின்னோட்டம் இழுக்கும். அத்தகைய மின்மாற்றியில் இரும்பும் செம்பும் மிகுதி, கனமும் மிகுதி. 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்சியை வாங்கிச் செல்வது எளிது. கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் சென்ற இடத்தில் வாங்குவதே சிக்கனம்.

கையடக்கமாக, எடையின்றி, "2000 வாட்" என்று விற்கும் கன்வெர்ட்டர்களும் உண்டு. இவற்றுள் பல, மின் அலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்புபவை. வெப்பச் சுருளுக்கு அது போதும். மின்னணுக் கருவிகளையும் மோட்டார்களையும் அதில் இணைக்காதீர்கள்.

எந்த மின்மாற்றியும் அதிர்வெண்ணை மாற்றாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மின் அலையை எண்ணி ஓடும் அமெரிக்கச் சுவர்க் கடிகாரம், அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தாலும், இங்கே ஒரு மணிக்கு 50 நிமிடமே காட்டும். ஜப்பானில் ஒரே நாட்டுக்குள் இரண்டும் உண்டு: தோக்கியோவில் 50, ஒசாக்காவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முன்னது ஜெர்மானிய மின்னாக்கிகளையும் பின்னது அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதன் விளைவு இது. 2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் முடங்கியபோது, மேற்கிலிருந்து போதிய மின்சாரம் அனுப்ப முடியாமற் போனதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது முனை

பிரிட்டன் வகைச் சாக்கெட்டில் மற்றத் துளைகளை ஒரு மூடி மறைத்திருக்கும். பிளக்கின் நீண்ட நிலத்தொடர்பு முனை நுழையும்போதுதான் அது பொதுவாக விலகும். குழந்தைகளின் விரலைக் காக்க வைத்த மூடி அது. அதைப் பேனாவாலோ கரண்டிக் காம்பாலோ நெம்பி, இருமுனைப் பிளக்கைச் செருகுவோர் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அதுபோலவே, உலோக உடல் கொண்ட மும்முனைக் கருவியை நிலத்தொடர்பு இல்லாத அடாப்டரில் இணைக்காதீர்கள். உள்ளே கம்பி உடலைத் தொட்டுவிட்டால் மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வழியின்றி, தொடுபவர் உடல் வழியே பாயும்.

ஆகவே, பயணத்துக்கு முன் மூன்று கேள்விகள்: பிளக் பொருந்துமா? மின்னழுத்தம் பொருந்துமா? நிலத்தொடர்பு உண்டா? முதல் கேள்விக்கு மட்டுமே அடாப்டர் விடை. மற்ற இரண்டுக்கும் விடை கருவியின் மேல் அச்சிட்ட எழுத்திலும் பிளக்கின் மூன்றாவது முனையிலும் இருக்கிறது. பெட்டியைப் பூட்டுமுன் அவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.