கைவிரித்த பிறகும் செய்ய நிறைய இருக்கிறது

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்." முற்றிய புற்றுநோயாளியின் குடும்பம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்கும் சொற்கள் பெரும்பாலும் இவைதான். மருத்துவக் கணக்கிலேயே இது தவறு. நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண், தூக்கமின்மை, பயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கியது இதை நிரூபிக்கத்தான். வலி எழுந்து நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து தருவதல்ல அவர் முறை. வாய்வழி மார்ஃபினைக் கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்து, வலியைத் தலைதூக்க விடாமல் வைப்பது. மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பதால், மலமிளக்கியையும் அன்றைக்கே சேர்த்து எழுதுவார்கள். இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் இந்த வலிதணிப்பு மருத்துவத்தின் நேர்த்தி தெரிகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடும், ஆயுள் குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ஆரம்பம் முதலே வலிதணிப்புச் சிகிச்சையும். இரண்டாம் குழுவில் மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் ஆயுள் கூடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கீமோவை நிறுத்தினால்தான் வலிதணிப்புச் சிகிச்சை கிடைக்கும் என்ற எண்ணம் அந்த ஆய்வோடு உடைந்துவிட்டது. மார்ஃபின் அடிமையாக்கிவிடும் என்ற பயமும் அப்படித்தான்: வலிக்காக, அளவறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவர்களிடம் அது அரிது. நம் நாட்டில் அந்தப் பயத்தை வளர்த்ததில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. உரிமங்களின் சிக்கலுக்கு அஞ்சி மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கி வைக்கவில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது; தயக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: பெற்றவர்களைச் சாகும் நேரத்தில் எங்கோ கொண்டுபோய் விடுவதா, ஊர் என்ன சொல்லும்? இதற்கு விடை கேரளத்தில் கிடைத்தது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய முயற்சி, நோயாளியைக் கட்டடத்துக்கு அழைப்பதை விட்டு, செவிலியையும் தன்னார்வலரையும் வீட்டுக்கு அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடிவரும் வலிதணிப்புச் சேவை உண்டு. வருகிற செவிலி என்ன செய்கிறார்? முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று மகளுக்கோ மருமகளுக்கோ செய்து காட்டுகிறார். அழுகிய புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறார். நாற்றம் அடங்கினால் வாசலோடு நின்றுவிடும் உறவுக்காரர்கள் கட்டிலருகே உட்காருவார்கள். நோயாளிக்கு அதுவே பாதி மருந்து. குடும்பத்தின் பாரத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை, தூக்கும் வழியைக் கற்றுத் தருகிறார்கள்.

ஐசியூவில் குழாய்களோடு முடிகிற மரணம், இருப்பவர்களையும் விடுவதில்லை. நோயாளிக்குக் கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை நடந்த குடும்பங்களில், கவனித்துக்கொண்டவருக்குப் பின்னாளில் தீவிர மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடியிருந்ததாக 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நகைகளை விற்று, நிலத்தை அடகுவைத்துக் கட்டிய பில் தனிக்கதை. இத்தனை இருந்தும், உலகில் இச்சேவை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிடைக்கிற இடங்களிலும் நினைவு தப்பிய பிறகே பலர் கொண்டுவரப்படுகிறார்கள். கேட்க வேண்டிய நேரம் அதுவல்ல. நோய் முற்றிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த அன்றே, கீமோ நடக்கும்போதே, "வலிக்கும் மற்ற தொந்தரவுகளுக்கும் யாரைப் பார்க்க வேண்டும்?" என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிடலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எந்த வீட்டில் இருக்க ஆசை என்று நோயாளி தன் வாயால் சொல்லக்கூடிய காலம் அது.