கிராஸ் என்ற சொல்லும் நம் கல்லாப்பெட்டியும்



லாரி எடைமேடையில் கொடுக்கும் சீட்டில் மூன்று வரிகள் இருக்கும். கிராஸ், டேர், நெட் என்று போட்டிருக்கும். முதலாவது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. இரண்டாவது வெறும் வண்டியின் எடை. மூன்றாவது சரக்கின் எடை. நாம் பணம் கொடுப்பது மூன்றாவது வரிக்குத்தான். இது நம்மில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமே. ஆனால் முதல் வரியில் உள்ள கிராஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு எத்தனை பொருள் உண்டு என்பதை நம்மவர்கள் பலரும் யோசித்திருக்க மாட்டோம். யோசித்துப் பார்த்தால், அந்தச் சொல்லின் கதை நம் மளிகைத் தொழிலின் கதையாகவே இருக்கிறது.

சாலையைக் கடக்கும் கிராஸ் வேறு, புல்லைக் குறிக்கும் கிராஸ் வேறு. நாம் சொல்வது ஜி, ஆர், ஓ, எஸ், எஸ் என்ற ஐந்தெழுத்துச் சொல். சிலர் இதைக் குரோஸ் என்றும் சொல்வர். பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு கிராஸ். சாக்கோடு நிறுத்தால் கிராஸ் எடை. செலவு கழிக்காத லாபம் கிராஸ் லாபம். கோர்ட்டில் பெரும் கவனக்குறைவுக்கும் இதே சொல்தான். படிக்கிற பிள்ளைகள் அருவருப்பான ஒன்றைப் பார்த்தாலும் கிராஸ் என்றே முகம் சுளிக்கிறார்கள். இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தது?

தடிமனில் பிறந்த சொல்

இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ள குரோசஸ் என்ற சொல். தடித்தது, முரடானது என்று பொருள். அது பிரெஞ்சு மொழிக்கு வந்து, பெரியது என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனது. தடித்தது, பெரியது, சுத்தம் செய்யாத முரட்டு நிலையில் உள்ளது என்ற மூன்றில் இருந்துதான் மற்ற எல்லாப் பொருளும் கிளைத்தன.

இதில் நம் தமிழர்க்கு வியப்பு ஒன்றும் இல்லை. தடித்த கயிற்றை மொத்தமான கயிறு என்கிறோம். பில்லின் அடியில் வரும் கூட்டுத்தொகைக்கு மொத்தம் என்று எழுதுகிறோம். மூட்டை மூட்டையாக விற்பவரை மொத்த வியாபாரி என்கிறோம். தடிமன், கூட்டுத்தொகை, மொத்த விற்பனை ஆகிய மூன்றுக்கும் நம் மொழியிலும் ஒரே சொல்தான். பிரெஞ்சுக்காரர்களும் நம்மைப் போலவே மொத்த வியாபாரியை இன்றும் குரோசிஸ்ட் என்று அழைக்கிறார்கள்.

பன்னிரண்டு டஜன் ஏன்?

டஜன் என்ற சொல்லும் பன்னிரண்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்ததே. பன்னிரண்டு டஜனைப் பெரிய டஜன் என்று பிரெஞ்சுக்காரர் அழைத்தனர். அதில் பெரிய என்ற சொல் மட்டும் தங்கி, 144 உருப்படிகள் ஒரு கிராஸ் ஆயிற்று. பன்னிரண்டு கிராஸ், அதாவது 1,728 உருப்படிகள், பெருங்கிராஸ் எனப்படும். பொத்தான், பென்சில் போன்ற சிறு சாமான்கள் இந்தக் கணக்கில்தான் கைமாறின. தீப்பெட்டிக்குக் கலால் வரி விதித்ததும் கிராஸ் கணக்கில்தான் என்பது கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்து வணிகர்களுக்கு நினைவிருக்கும்.

பத்தை விட்டுப் பன்னிரண்டைப் பிடித்ததில் வியாபார புத்தி இருக்கிறது. பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம். அரை டஜன், கால் டஜன் கேட்டாலும் உருப்படியை உடைக்க வேண்டாம். பத்தில் கால் பங்கு கேட்டால் கொடுக்க முடியுமா?

மளிகைக்காரர் என்றால் மொத்த வியாபாரி

மளிகைக் கடைக்காரரை ஆங்கிலத்தில் குரோசர் என்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல்லும் கிராஸின் பிள்ளைதான். குரோசர் என்றால் முதலில் மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்பவர் என்றே பொருள். சில்லறை வியாபாரிக்கு அந்தப் பெயர் பிற்காலத்தில்தான் வந்தது.

லண்டனில் மிளகு வணிகர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1180-ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. அவர்கள் விற்ற மிளகு நம் மலையாளக் கரையில் விளைந்தது. அரபுக் கப்பல்களிலும் வெனிஸ் நகர வணிகர் வழியாகவும் பல கை மாறிப் போனது. மிளகுக்கான ஆங்கிலச் சொல்லே பிப்பலி என்ற வடசொல்லில் இருந்து வந்தது. அதாவது நம் கடையில் இருக்கும் திப்பிலியின் பெயர்தான் மிளகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இந்த மிளகு வணிகர் சங்கமே பின்னாளில் குரோசர்கள் சங்கமாக ஆகி, 1428-ல் அரசரின் சாசனம் பெற்றது. அச்சங்கத்தின் சின்னத்தில் கிராம்பும் ஒட்டகமும் இருக்கின்றன. சங்கம் இன்றும் உள்ளது.

லண்டனுக்கு வரும் மசாலாச் சரக்கில் மண், தூசி, காம்பு கலந்திருக்கிறதா என்று சலித்துப் பார்க்கும் பொறுப்பும் குரோசர்களிடம் இருந்தது. சலித்தலுக்குக் கார்பிள் என்று பெயர். அது சல்லடை என்ற பொருளுடைய அரபுச் சொல்லின் வழி வந்தது. சுத்தம் செய்வதைக் குறித்த அதே சொல், இன்று பேச்சைக் குழப்பித் திரித்துச் சொல்வதைக் குறிக்கிறது. பொறுக்கும் வேலையை வேண்டியதை மட்டும் பொறுக்கச் செய்தால் சொல்லின் பொருளும் கெடும் போலும்!

பதுக்கல் என்ற பழி

மொத்தமாக வாங்கியவன் மீது பழி விழுந்ததும் அக்காலத்தில் இருந்தே உண்டு. குரோசர்கள் எல்லாச் சரக்கையும் வளைத்துக்கொண்டு விலை ஏற்றுகிறார்கள் என்று 1363-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே குறை கூறியது. வளைத்து வாங்குவதற்கு என்குரோஸ் என்று பெயர். 1552-ல் அதைக் குற்றமாக்கி விரிவான சட்டம் வந்தது. 1776-ல் ஆடம் ஸ்மித் தம் நூலில், இந்தப் பதுக்கல் பயத்தைச் சூனியக்காரி பற்றிய பயத்தோடு ஒப்பிட்டு எழுதினார். 1772-ல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. 1844-ல் மிச்சமும் போயிற்று. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டமும் இருப்பு வரம்பும் வந்தபோது எழுந்த வாதம், அங்கே ஆறு நூற்றாண்டுக்கு முன் எழுந்த அதே வாதம்தான்.

அந்த என்குரோஸ் என்ற சொல்லுக்கு, மனத்தை முழுதும் பிடித்துக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. ஒருவர் புத்தகத்தில் மூழ்கிவிட்டால், புத்தகம் அவரை மொத்தக் கொள்முதல் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லின் கிளைகள் இன்னும் பல. தடித்த வெள்ளிக் காசுக்கு வைத்த பெயர் குரோஷன் ஆகி, போலந்தின் குரோஷ், துருக்கியின் குருஷ் என்று இன்றும் புழங்குகிறது. முரட்டு நூல் துணிக்குக் குரோகிரம் என்று பெயர். அந்தத் துணியில் மேலங்கி அணிந்த வெர்னன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி, 1740-ல் மாலுமிகளுக்குக் கொடுக்கும் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டார். அவருடைய பட்டப்பெயரால் அந்தக் கலவை குரோக் ஆயிற்று. மயக்கத்தில் தள்ளாடுபவரைக் குரோகி என்பதும் அதனால்தான்.

நெட் என்றால் பளபளப்பு

இனி எடைச் சீட்டின் மற்ற இரண்டு வரிகளுக்கு வருவோம். டேர் என்பது, தள்ளப்பட்டது, கழிக்கப்பட்டது என்ற பொருளுடைய அரபுச் சொல்லில் இருந்து வந்தது. நெட் என்பது மீன் பிடிக்கும் வலை அன்று. அது வேறு சொல். இந்த நெட், லத்தீனில் பளபளப்பானது, சுத்தமானது என்ற பொருளுடைய சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே கிராஸ் என்பது முரட்டுச் சரக்கு, டேர் என்பது கழிவு, நெட் என்பது துடைத்துச் சுத்தமாக்கிய மிச்சம். மூன்று சொல்லிலும் வியாபாரம் முழுதும் அடங்கிவிட்டது.

எடையில் இதை நாம் கவனமாகவே பார்க்கிறோம். சணல் சாக்கு ஒன்று அரைக் கிலோவுக்குக் குறையாது. நூறு மூட்டைக்கு 50 கிலோ, அதாவது ஒரு முழு மூட்டை. பிளாஸ்டிக் சாக்கின் எடை அதைவிட மிகக் குறைவு. இரண்டு சாக்குக்கும் ஒரே கழிவு பிடித்தால் வாங்குபவர், விற்பவர் இருவரில் ஒருவருக்கு நஷ்டம். காலிச் சாக்கை நிறுத்துப் பார்த்துக் கழிப்பதே நியாயம். பொட்டலத்துக்கும் அப்படியே. 1977-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2011-ல் வந்த சட்டமுறை எடையளவு விதிகளும் உறை நீங்கலான நிகர அளவைத்தான் அச்சிடச் சொல்கின்றன. அட்டைப் பெட்டியைச் சரக்கோடு சேர்த்து நிறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

கல்லாவில் இருப்பது கிராஸ்

எடையில் அரைக் கிலோ சாக்கை விடாத நாம், லாபத்தில் மட்டும் சாக்கோடு நிறுக்கிறோம். இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தோம்.

நம் மண்டியில் பல ஆண்டுகள் சரக்கு எடுத்த ஒரு சில்லறைக் கடைக்காரர். நல்ல உழைப்பாளி. ராத்திரி கல்லா நிறைந்திருக்கும். நூற்றுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது அண்ணாச்சி என்பார். அந்தப் பத்தை நம்பிக் கல்லாவில் இருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தார், சீட்டுக் கட்டினார், பக்கத்தில் புதிய பெரிய கடை வந்தபோது விலையையும் குறைத்தார். வியாபாரம் கூடியது. இரண்டு வருஷத்தில் கடையைப் பூட்டிவிட்டார். அவர் கணக்கில் பொய் இல்லை. அவர் சொன்ன பத்து ரூபாய் கிராஸ்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மாத விற்பனை 6,00,000 ரூபாய். விற்ற சரக்கின் கொள்முதல் 5,40,000. கிராஸ் லாபம் 60,000. இதில் கடை வாடகை 15,000, இரண்டு ஆட்கள் சம்பளம் 24,000, மின்சாரம் 4,000, வண்டிக் கூலி 3,000, பை, சணல், காகிதம் 1,500, எலி, ஈரம், உடைசல், எடைக் குறைவு 3,000, வாங்கிய கடனுக்கு வட்டி 4,000. கூட்டினால் 54,500. நெட் 5,500 ரூபாய். முதலாளியும் அவர் வீட்டம்மாவும் காலை முதல் இரவு வரை நின்ற உழைப்புக்குக் கூலி இதில் இன்னும் எழுதவில்லை. வராக்கடனையும் எழுதவில்லை.

இப்போது போட்டிக்காக நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் என்ன ஆகும்? அதே விற்பனைக்கு 6,000 ரூபாய் போயிற்று. மாதம் 500 ரூபாய் கைநஷ்டம். ஒரு ரூபாய்தானே என்று தோன்றுவது, அதைப் பத்து ரூபாய் கிராஸோடு ஒப்பிடுவதால்தான். ஒரு ரூபாய்க்கும் குறைவான நெட்டோடு ஒப்பிட்டால் கை தானாகவே பின்வாங்கும். விலையைக் குறைக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்த வரியில் இருந்து குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும்.

நாட்டின் மொத்த உற்பத்தியைச் சொல்லும் ஜி.டி.பி.யில் உள்ள முதல் எழுத்தும் கிராஸ்தான். எந்திரங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கணக்கு என்று அதற்குப் பொருள். நம் கடைத் தராசும் பிரிட்ஜும் வருஷந்தோறும் தேய்கின்றன. அதற்கும் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கினால்தான் நெட் உண்மையான நெட் ஆகும்.

ஆகவே நம் வணிக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கடைசியில் ஒரு தாளை எடுத்துக் கிராஸ், டேர், நெட் என்று மூன்று வரி எழுதுங்கள். வாடகையையும் சம்பளத்தையும் போல, உங்கள் சொந்த உழைப்புக்கும் ஒரு சம்பளத்தை டேரில் சேருங்கள். சொந்தக் கட்டடம் என்றாலும் வாடகை எழுதுங்கள். மூன்றாவது வரியில் வருவதை மட்டும் லாபம் என்று சொல்லுங்கள். வீட்டுச் செலவும் சீட்டும் நகையும் அந்த வரிக்குள் அடங்கட்டும். அந்த வரி சிறியதாக இருந்தால் மனம் தளர வேண்டாம். எந்தச் செலவைக் குறைக்கலாம், எந்தச் சரக்கை விடலாம் என்று அந்தச் சிறிய எண்தான் வழி காட்டும்.