வெற்றிடத்தை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு!

ஒரு பெட்டியில் உள்ள சாமான்களை எல்லாம் எடுத்துவிடுகிறோம். காற்றையும் உறிஞ்சி எடுத்துவிடுகிறோம். உள்ளே மிச்சம் என்ன?

"ஒன்றும் இல்லை" என்பீர்கள்.

"சக்தி இருக்கிறது!" என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இரண்டு தகடுகள்

இது கட்டுக்கதை அல்ல. 1948-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காசிமிர் ஒரு கணக்குப் போட்டார். வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கமாக வைத்தால், அவை ஒன்றை ஒன்று இழுக்கும் என்று சொன்னார். அங்கே காந்தம் கிடையாது. மின்சாரமும் கிடையாது. ஆனாலும் இழுக்கும்!

1997-ல் அமெரிக்க விஞ்ஞானி லாமோரோ அந்த இழுப்பை நுட்பமாக அளந்து காட்டினார்.

120 சைபர்!

வெற்றிடத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது? இங்கேதான் சிக்கல்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. அந்த வேகம் கூடிக்கொண்டும் வருகிறது. தொலைதூரத்தில் வெடித்த நட்சத்திரங்களைப் பார்த்து 1998-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். இதற்கு வெற்றிடத்தின் சக்திதான் காரணம் என்றால், ஒரு கன மீட்டர் இடத்தில் மூன்று, நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்குச் சமமான சக்தி போதும்.

ஆனால் அணு விஞ்ஞானக் கணக்கு என்ன சொல்கிறது? 1 போட்டு, பக்கத்தில் சுமார் 120 சைபர் போட்டால் வரும் மடங்கு அதிகம் என்கிறது! மளிகைக் கடையில் ஒரு ரூபாய் பாக்கிக்கு இப்படி ரசீது வந்தால் எப்படி இருக்கும்?

அவ்வளவு சக்தி உண்மையில் இருந்தால், நட்சத்திரம் உருவாகியிருக்காது. பூமி ஏது? நாம் ஏது?

சுரங்கத்தில் சோதனை

"கணக்கை விடுங்கள், நிறுத்தே பார்ப்போம்" என்று கிளம்பினார்கள் இத்தாலி விஞ்ஞானிகள். சார்டினியா தீவில் ஒரு பழைய சுரங்கம் இருக்கிறது. நில அதிர்வு மிகக் குறைந்த இடம் அது. அந்த இடத்தைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தராசுக்கு "ஆர்க்கிமிடீஸ்" என்று பெயர் வைத்தார்கள்.

தராசில் ஒரு விசேஷப் பொருள் தொங்கும். அதை மிகவும் குளிரவைத்தால், அதன் உள்ளே இருக்கும் அடுக்குகள் காசிமிரின் தகடுகளைப் போல வேலை செய்யும். வெற்றிடத்தின் சக்தி சிறிது மாறும். எடையும் மாறுகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

தராசு அசைந்தால், வெற்றிடத்துக்கும் எடை உண்டு. கணக்கில் பிழை எங்கே என்று மேலும் தேட வேண்டும். அசையாவிட்டால், புவியீர்ப்பைப் பற்றிய பாடத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்!